தம்பி சொல்லாத வார்த்தை

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை மாலை, சுவா விளையாட்டரங்கில் ஆட்டக்காரர்கள் நுழையும் வாசலில் ஒரு போலீஸ்காரரின் தொப்பி உருண்டது. மறுநாள் விடிவதற்குள் அந்தத் தொப்பியைப் பார்க்காதவர்கள் ஃபிஜியில் யாரும் இல்லை.

காணொளி மிகச் சின்னது. ரக்பி வீரன் காலியோவா கையை நீட்டுகிறான். அது போலீஸ்காரரின் முகத்தில் பதிகிறது. தொப்பி பறக்க, அவர் இரும்புத் தடுப்பில் மோதி விழுகிறார். அடுத்த கணம் காக்கியும் நீலமுமாக ஒரு கும்பல் காலியோவாவைத் தார்த்தரையில் போட்டு அமுக்குகிறது. அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ டிரை வைத்துப் புள்ளி எடுத்திருக்க வேண்டும். கூட்டத்தின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

அவன் அக்கா வசிதி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஊர் முழுக்கத் தம்பியின் கையைப் பார்த்தது. அவள் அதற்கு முந்தைய நொடியைப் பார்த்தாள். போலீஸ்காரரின் உதடுகள் அசைகின்றன. அவருக்குப் பின்னால் நிற்கும் சக காவலர்கள் சிரிக்கிறார்கள்.

அந்த உதடுகள் அவளுக்குப் பழக்கமானவை. வாரக் கடைசிகளில், மருந்துக் கடை வேலை முடிந்ததும், வீட்டுக்குத் தெரியாமல் அவள் சந்தித்துவரும் இனோகே அவன். தொடர்ந்து படித்துவருபவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ரைவாங்காவில் அவள் குடும்பம் இருக்கும் அடுக்குமாடி வீட்டில்தான் ஒருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை அப்பா பெதேலி தன் பெட்டியைத் திறந்து, சாவுக்கும் சமாதானத்துக்கும் கொண்டுபோய் வைக்கிற திமிங்கிலப் பல்லை வெளியே எடுத்தார்.

மரப்பட்டைத் துணியைப் பிரித்து, அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தார். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். மனைவி இறந்தபோது அவள் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்தது. துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் கயிறு இழுத்த அவர் கைகள் அதை மெல்லத் திருப்பித் திருப்பித் துடைத்தன.

"இன்ஸ்பெக்டர் போன் பண்ணினார்" என்றார். "நல்ல மனுஷன். குடும்பத்துக்குக் குடும்பம் பேசி முடிச்சுக்கிட்டா, அந்தப் பையன் புகாரைத் திரும்ப வாங்கிக்கலாமாம். இல்லேன்னா திங்கட்கிழமை வழக்குப் பதிவாகும். வழக்கு இருந்தா ஹாங்காங் போட்டி கிடையாதுன்னு கோச் சொல்லிட்டார்."

"அப்பா, திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்களேன்" என்றாள் வசிதி. "என்ன நடந்ததுன்னே நமக்குத் தெரியாது. இதைக் கொண்டுபோய் வெச்சா, தப்பு முழுக்க நம்மளதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

"தப்பு நம்மளதுதான். உன் தம்பி கை வெச்சது எங்க? தலையில. போலீஸ்காரன் தலையோ பிச்சைக்காரன் தலையோ, தலை தலைதான், அதைத் தொடவே கூடாது." எண்ணெய்க் கையை இடுப்பில் கட்டியிருந்த சூலுவில் துடைத்துக்கொண்டார். "அவங்க வாங்கிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் இதைப் பத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் வாயே திறக்கக் கூடாது. மதியம் கிளம்பறோம். வலேலெவுல அந்தப் பையனோட பெரியப்பா வீடு இருக்காம்."

பெரியப்பா சகராயாவின் பேரைக்கூட இனோகே சொல்லி அவளுக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரித் தலையாட்டினாள்.

காலியோவா உள்ளறையில் இருந்தான். அறைக்குக் கதவு கிடையாது, பூப்போட்ட திரைச்சீலைதான். பஸ்களின் முதுகிலெல்லாம் விளம்பரத்தில் பால்பவுடர் டப்பாவைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறவன், அந்தத் திரைக்குப் பின்னால் பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விசாரித்துவிட்டுப் போலீஸார் இரவே அனுப்பிவைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் சாப்பிடவில்லை.

வசிதி திரையை விலக்கி உள்ளே போக முடியாது. மொவாலாத் தீவுக்காரர்கள் வீடுகளில் வளர்ந்த அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை அல்ல, மரியாதை. அவனுக்கு மீசை அரும்பிய வருஷம் அம்மா ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், "இனிமே நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க" என்றாள். அதோடு நின்றது. அதுவரை அவனிடம் அவள் அதிகம் சொன்ன சொல் 'எழுந்திரு' என்பதுதான். பள்ளிக்கு எழுப்பவும் அதுதான், மைதானத்தில் யாராவது இடித்துத் தள்ளி மூக்கில் ரத்தத்தோடு கிடந்தாலும் அதுதான்.

இப்போது அவனிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவன் மனைவி தோரிகாதான் வழி. நாத்தியும் தம்பி பெண்டாட்டியும் என்ன வேண்டுமானாலும் பேசலாம், எப்படி வேண்டுமானாலும் கிண்டலடிக்கலாம்.

தோரிகா திரையருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "கேளுங்க மதினி. தபாலாபீஸ் திறந்தாச்சு. சனிக்கிழமை அரை நாள்தான், சீக்கிரம்."

"அரங்கத்துக்குள்ள போற பாஸ் ஏன் கையில இல்லைன்னு கேளு."

"உங்க பாஸ் எங்கன்னு கேக்கறாங்க" என்றாள் தோரிகா திரையைப் பார்த்து. வசிதி சொன்னது அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனால் அவன் தோரிகா சொல்லும்வரை காத்திருந்தான்.

"மச்சான் கேட்டான், குடுத்துட்டேன்" என்றது உள்ளிருந்து வந்த குரல். "கேட்டா எப்படி இல்லேங்கறது? என் மூஞ்சிதான் பஸ்ஸு பஸ்ஸா இருக்கே, விட மாட்டாங்களான்னு நெனச்சேன்."

"மச்சானுக்குப் பாஸு, நமக்குப் போலீஸ் வேனு" என்றாள் தோரிகா. "அடுத்து?"

"குடிச்சிருந்தானா?"

"பச்சைத் தண்ணிகூட இல்லையாம். இதுக்கு நானே சாட்சி, வாயை மோந்து பார்த்தாச்சு."

"அந்தப் போலீஸ்காரர் முதல்ல கை வெச்சாரா?"

"இல்லை" என்றது குரல், தோரிகா வாயைத் திறப்பதற்கு முன்பே.

வசிதி திரையை நோக்கி ஓரடி வைத்தாள். "அப்ப எதுக்குத் தள்ளினான்? அவர் என்ன சொன்னார்னு கேளு."

தோரிகா திரும்பக் கேட்டாள். கீழ்த்தளத்து ரேடியோவில் காலிறுதி ஆட்டத்தின் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. காலியோவா இல்லாத அணி முதல் பாதியில் பின்தங்கியிருந்தது.

"என்னங்க? மதினி கேக்கறாங்க."

திரை அசையவில்லை. தோரிகா எழுந்து உள்ளே போனாள். கிசுகிசுப்பு கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வேற எதை வேணும்னாலும் கேக்கச் சொல்றார் மதினி."

"ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்த வக்கீல்கிட்டயாவது சொன்னானா?"

"இல்லை."

"உங்கிட்ட?"

"நேத்தே கேட்டுட்டேன்." தோரிகா குரலைத் தணித்தாள். "அதை இந்த வீட்டுக்குள்ள சொல்ல முடியாதுங்கறார். அடிச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டாராம்."

வசிதி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அம்மாவைத் திட்டியிருந்தால் வக்கீலிடம் சொல்லியிருப்பான். குலத்தை, தீவை, கடவுளையே இழுத்திருந்தாலும் சொல்லியிருப்பான். அக்கா இருக்கிற வீட்டில் ஒரு தம்பியால் சொல்ல முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது அக்காவைப் பற்றியது.

அவன் எதையும் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"மதினி, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"கடைக்குப் போகணும். மறந்தே போச்சு" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. காது கேட்காத இடம்தான் கிடைக்கவில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள் மரவள்ளிக்கிழங்கு மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அதைத்தான் பேசினார்கள்.

"பேரும் புகழும் வந்தா கண்ணு தெரியாது. போலீஸ்காரன் என்ன பண்ணுவான், அவனும் நாலு காசுக்கு வெயில்ல நிக்கறான்."

"பால்பவுடர்க்காரன் இனிமே இவனை வெச்சு என்ன பண்ணுவான்?"

"ஜெயில் கதவுல ஒட்டுவான். உள்ள இருக்கறவங்களுக்கும் பால் வேணுமில்ல?"

பஸ்ஸே சிரித்தது. வசிதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் போனில் வரச் சொன்னபடி இனோகே கடலோரச் சுவரில், அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். புருவத்தின் மேல் ஒரு சின்ன பிளாஸ்திரி. அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவள் உட்காரவில்லை.

"என்ன சொன்ன அவன்கிட்ட?"

"ஒண்ணுமில்ல. பாஸ் கேட்டேன்."

"பாஸ் கேட்டதுக்கா உன் பின்னால நின்னவங்க சிரிச்சாங்க?"

அவன் கடலைப் பார்த்தான். நீர் வடிந்து, சேறும் பவழப்பாறையும் தெரிந்தன.

"வசி, முன்னாடியே நான் அவன்கிட்டப் பேசணும்னுதான் இருந்தேன். மரியாதையா. அவன் வந்தான், பாஸ் இல்லை. 'நான் யாருன்னு தெரியாதா?'ன்னான். என்னை ஆளாவே மதிக்காம எங்கேயோ பார்த்தான். பசங்க பக்கத்துல நிக்கறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"என்ன சொன்ன?"

"தமாஷாத்தான்…"

"இனோகே."

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "'நல்லாத் தெரியும். உங்க அக்கா எங்கிட்ட எதையும் மறைக்கறதில்ல, நீ ஒரு அட்டையைக் காட்ட மாட்டேங்கறியே'ன்னேன்."

மீன்பிடிப் படகு ஒன்று சேற்றில் சாய்ந்து கிடந்தது. வசிதி அதையே பார்த்தாள். அவளுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அவங்க சிரிச்சது அதுக்குத்தான்."

"தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா நான் உன்னைக் கட்டிக்கப் போறவன்தானே? ஊரான் சொன்ன மாதிரியா?" அவன் வேகமாகப் பேசினான். "இப்பப் பாரு, எல்லாம் சரியாயிடும். உங்கப்பா இன்னிக்கு வரதாப் பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கார். பெரியப்பா வாங்கிக்குவார். நான் புகாரைத் திரும்ப எடுத்துக்கறேன். உன் தம்பி பிளேன் ஏறிடுவான். கொஞ்ச நாள் ஆறப் போட்டுட்டு, நம்ம விஷயத்தை மெதுவா…"

"எங்கப்பா பல்லைத் தூக்கிக்கிட்டு உங்க பாயில மண்டியிட்டு வருவார். நீ பார்த்துக்கிட்டு உக்காந்திருப்ப."

"வழக்கம் அதுதானே வசி."

"என் தம்பி வாசல் பக்கம் தலையைக் குனிஞ்சு உக்காருவான்."

"அரை மணி நேரம். அவனை என்ன தூக்கிலயா போடறாங்க?"

"நீ சொன்னதை இன்ஸ்பெக்டர்கிட்டப் போய்ச் சொல்லு. அவன் ஏன் தள்ளினான்னு அவருக்குத் தெரியட்டும்."

"சொன்னா என் தொப்பி நிஜமாவே போயிடும்." அவன் சிரிக்க முயன்றான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "என் வேலையை விடு. உன் பேரை யோசிச்சியா? நாளைக்குச் சர்ச்சுல, கடையில, பஸ்ஸுல எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேசுவாங்க. உன் தம்பி வாயை மூடிக்கிட்டிருக்கறது எதுக்குன்னு நெனக்கற? உனக்காகத்தான். அதைக் கெடுக்காதே."

அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அவளால் அதை மறுக்க முடியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டால் தம்பி விமானம் ஏறுவான். திறந்தால், அவன் எதைக் காக்க இவ்வளவு தூரம் போனானோ அது தெருவுக்கு வரும், புகார் அப்படியே இருக்கும், ஹாங்காங் கைவிட்டுப் போய்விடும்.

ஆனால் அந்தப் பல் கைமாறிவிட்டால் அதோடு எல்லாம் புதைந்துவிடும். அக்காவைப் பற்றி அப்படிச் சொன்னவனிடம் தம்பி மன்னிப்புக் கேட்டான் என்பது மட்டும் மிஞ்சும். எப்போதாவது இனோகே அவர்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்தால், காலியோவா அவனுக்கு யங்கோனா வேர்ப் பானம் கலந்து கொடுத்துவிட்டு, தன் வழக்கப்படி வாயைத் திறக்காமல் இருப்பான். சாகும்வரை இருப்பான். தம்பி அப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியும்.

"பெரியப்பா கூப்பிடறார்" என்றான் இனோகே, அதிர்ந்த போனைப் பார்த்து. "நான் போகணும். வசி, நீ வீட்டுக்குப் போ. சாயங்காலம் பேசுவோம். சரியா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். அவளுடைய மௌனத்துக்கு அவன் எப்போதுமே தனக்கு வசதியான அர்த்தம்தான் எடுத்துவந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் போனதும் அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தோரிகாவுக்குப் போட்டாள்.

"வேன்ல போயிட்டிருக்கோம் மதினி" என்று தோரிகா கிசுகிசுத்தாள். "மாமா போனைப் பையில போட்டுக் கட்டிட்டார். இவர் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாப் போடல, நான்தான் போட்டு விட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல வலேலெவு. நீங்க எங்க இருக்கீங்க?"

"அவங்களை உள்ள போக விடாதே. ஏதாவது சொல்லி நிறுத்து."

"எப்படி நிறுத்தறது? மாமா ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கார். என்ன ஆச்சு, சொல்லுங்களேன்!"

போனில் சொல்கிற விஷயமா அது? வசிதி சாலையில் இறங்கிக் கையை நீட்டினாள். முதலில் வந்த டாக்ஸியின் ரேடியோவில் இறுதி ஆட்டம் ஆரம்பமாகியிருந்தது. காலியோவா இல்லாமலே அணி எப்படியோ இறுதிக்கு வந்துவிட்டிருந்தது. "அவன் இருந்திருந்தா இந்நேரம் ஆட்டம் முடிஞ்சிருக்கும்" என்றார் டிரைவர். "போலீஸோட யாராவது மல்லுக்கு நிப்பாங்களா? முட்டாப்பய." வசிதி வேகமாகப் போகச் சொன்னாள். நபுவா சந்திப்பில் போக்குவரத்து நின்றது. தேவாலயத்துச் சந்தைக்கு வந்த கூட்டம் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் பையின் வாரை முறுக்கியபடியே இருந்தாள். பிய்ந்து வந்ததைக் கவனிக்கவில்லை.

சகராயாவின் வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. ஆட்கள் இல்லை. எல்லோரும் உள்ளே போயாகிவிட்டது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் உட்காரும் கீழ் வாசலில் வந்து நின்றாள்.

பாய் விரித்த கூடத்தின் மேல்பக்கம் சகராயா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த, பெரிய உடம்பு. அவருக்கு வலப்புறம் இனோகே. நடுவில் அப்பா. மண்டியிட்டபடி, இரண்டு உள்ளங்கைகளிலும் திமிங்கிலப் பல்லை ஏந்தியிருந்தார். அதன் கயிறு அவர் மணிக்கட்டில் தொங்கியது. வாசலுக்கு அருகே, வசிதி கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், காலியோவா. அவன் தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. பின்கழுத்தில் தார்த்தரை உரசிய காயம், மேலே புதிதாகப் பக்கு கட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் இருந்த தோரிகா வசிதியைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டாள்: என்ன?

"…எங்களுக்குச் சொல்ல நியாயம் எதுவும் இல்லை" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க பிள்ளை கை நீட்டினான். உங்க பிள்ளை தலையைத் தொட்டான். அதைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கோம். இந்தப் பல் சின்னது, எங்க வெட்கம் பெரிசு. தயவுசெஞ்சு…"

அவர் குரல் உடைந்தது. வசிதி அப்பாவின் குரல் உடைந்து கேட்டது அம்மாவைப் புதைத்த நாளில்தான்.

சகராயாவின் கண்களிலும் ஈரம் தெரிந்தது. அவர் நல்ல மனிதர். அவருக்கும் எதுவும் தெரியாது. பெருமூச்சு விட்டு, பல்லை வாங்கக் கையை நீட்டினார்.

இனோகே வாசலில் நிற்கிற வசிதியைப் பார்த்துவிட்டான். லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தான்.

"காலியோவா" என்றாள் வசிதி.

அவனுக்கு மீசை அரும்பியதிலிருந்து அந்தப் பெயரை அவனை நோக்கி அவள் சொன்னதில்லை. தோரிகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலியோவாவின் தோள் குலுங்கி நின்றது.

"எழுந்திரு."

அப்பா பல்லை ஏந்திய கைகளோடு திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. பெரியவர்கள் தரையில் இருக்கும்போது அங்கே எவனும் நிமிர்ந்து நிற்கக் கூடாது. அக்கா தம்பியின் பெயரைச் சொல்லி அழைக்கவும் கூடாது.

காலியோவா தலையை நிமிர்த்தினான். அக்காவைப் பார்த்தான், நேராக. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவன் அவள் கண்ணில் படித்துக்கொண்டான். உள்ளங்கையைப் பாயில் ஊன்றி, மெதுவாக எழுந்து நின்றான்.

சகராயாவின் கை பல்லைத் தொடாமல் காற்றில் நின்றது. அடுத்த வீட்டு ரேடியோ திடீரென்று அணைந்தது. ஆட்டம் முடிந்திருக்க வேண்டும், அல்லது அங்கேயும் காது இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"யாரும்மா நீ?" என்றார் அவர்.

வசிதி இனோகேயை மட்டும் பார்த்தாள்.

கிழவர் அவள் பார்வை போகும் திசையைக் கவனித்தார். நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டு, தம்பி மகன் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு யாருடா? உனக்குத் தெரியுமா?"

இனோகேயின் உதடுகள் அசைந்தன. இந்த முறை அதை மூடி மறைக்க எந்தக் கூட்டத்தின் இரைச்சலும் இல்லை.